சந்தனம் வைத்த துப்பாக்கி

ராஜாத்தி அதைச் சொன்னபோது நான் பின்முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, பிரஷர் குக்கர் வாங்கப் போகிறேன் என்று சொல்கிற குரலில், "அக்கா, நான் ஒரு துப்பாக்கி வாங்கப் போறேன்" என்றாள்.

"எதுக்குட்டி? காக்கா சுடவா?"

"இல்லக்கா. ஆள் சுட."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கழுத்தைச் சுற்றி அந்தத் தழும்பு அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது.

ஆர்.கே.புரத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த கீழ்த்தளக் குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரர் சிவஞானம் தொலைபேசி இலாகாவில் மெக்கானிக். அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி ஆடிட் ஆபீசில் வேலை. மாதத்தில் பாதி நாள் பாட்னா, போபால் என்று டூர் அடிக்கிற மனுஷர். நாங்கள் திருநெல்வேலி, அவர்கள் மன்னார்குடி. ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். டெல்லியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அதன் மேல் இட்லி மாவு அந்தப் பக்கம் போகும், வத்தக்குழம்பு இந்தப் பக்கம் வரும்.

ராஜாத்திக்கு அந்த வீடு எவ்வளவு பெரியது என்று எனக்குத்தான் தெரியும். அவள் வாழ்க்கைப்பட்டது ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தில். அங்கே ஒரு கை பருப்பு எடுப்பதற்கும் மூத்த ஓரகத்தியிடம் சாவிக்கு நிற்க வேண்டும். காரணம் கேட்டுத்தான் சாவி கொடுப்பாளாம். கலியமூர்த்திக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து, டெல்லிக்கு வந்து இறங்கிய அன்றைக்கு, பித்தளைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவள் முதல் தடவையாகப் பார்க்கிற என்னிடம், "இது என் சாவிதானேக்கா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அந்தச் சாவியை இடுப்பில் செருகாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

எழுபத்தொன்பதில், ஒரு ஜூன் மாத மத்தியானம், மீட்டர் பார்க்க வந்திருக்கிறேன் என்று ஒருத்தன் கதவைத் தட்டினான். வெயிலுக்குத் தெருவே செத்துக் கிடந்த நேரம். நான் கூலரைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். அவன் உள்ளே வந்து, அவள் வாயைப் பொத்தி, தாலிச் சங்கிலியை இழுத்திருக்கிறான். அது லேசில் அறுந்து தொலையவில்லை. கழுத்துச் சதையை அறுத்த பிறகுதான் அறுந்தது.

அதற்குப் பிறகு ராஜாத்தி ஜன்னலைத் திறக்கவே இல்லை. டெல்லி வெயிலில் ஜன்னலை அடைத்துக்கொண்டு வெந்தாள். பத்து வயசுப் பெண் பூங்கோதை லோதி ரோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் தட்டினால், "யாரு? யாரு?" என்று அஞ்சு தடவை கேட்ட பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். அந்தக் குழந்தையும் வெளியே நின்று, "மம்மி, நான்தான். பூங்கோதை. ஜல்தி கோலோ, சீக்கிரம் தெற" என்று கத்தும்.

கலியமூர்த்தி டூர் முடிந்து வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தியே பேசத் தெரியாது. ஆனால் சொன்ன சொல் கத்திதான்.

"நீயும் பாப்பாவும் மன்னார்குடிக்குப் போயிடுங்க. அங்க பத்து பேர் இருக்காங்க. நான் இங்க மெஸ்ஸுல சாப்பிட்டுக்கறேன்."

"நான் போக மாட்டேன்" என்றாள் ராஜாத்தி.

"பின்ன ஜன்னலைச் சாத்திக்கிட்டே எத்தனை நாள் இருப்பே?"

கடைசியில் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று அவர் இறங்கி வந்தார். அதற்குள் மறுபடி ஏதாவது நடந்தாலோ, அவள் பயம் தெளியாவிட்டாலோ, மூட்டை கட்ட வேண்டியதுதான். மன்னார்குடி என்றால் ஓரகத்தி, ஓரகத்தி என்றால் சாவி. துப்பாக்கி யோசனை அவளுக்கு அங்கேதான் முளைத்தது. லைசென்ஸ் எங்கே வரப்போகிறது என்ற நம்பிக்கையில்தான் கலியமூர்த்தி தலையாட்டினார் என்று நான் நினைக்கிறேன்.

லைசென்ஸ் அதிகாரி முன்னால் அவளோடு நானும் போய் உட்கார்ந்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், எங்கள் வயர் கூடையைப் பார்த்தார், பிறகு இந்தியில் கேட்டார்: வீட்டில் ஆண்பிள்ளை இருக்கும்போது பெண்ணுக்கு எதற்கு ரிவால்வர்?

ராஜாத்தியின் இந்தி கடைவீதி இந்தி. தக்காளிக்குப் பேரம் பேசுகிற அளவுதான் வரும். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "ஆத்மி டூர் பர் ஜாத்தா ஹை, சாப். சோர் டூர் பர் நஹீன் ஜாத்தா."

புருஷன் டூர் போகிறான், திருடன் போவதில்லை. அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து அடுத்த கோடையில் லைசென்ஸ் வந்துவிட்டது. கலியமூர்த்திக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

காஷ்மீரி கேட்டில் துப்பாக்கிக் கடைகள் வரிசையாக இருந்தன. நாங்கள் நுழைந்த கடையின் முதலாளி ஒரு வயசான லாலாஜி. எங்களுக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறானா என்று வாசலைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை என்றதும், "கிஸ்கே லியே, பெஹன்ஜி?" என்று கேட்டார், யாருக்கு என்று.

"மேரே லியே" என்றாள் ராஜாத்தி, எனக்குத்தான் என்று.

முதலில் அவர் எடுத்துக் காட்டியது இரட்டைக் குழல் துப்பாக்கி. வீட்டுக் காவலுக்கு இதைவிட நல்லது கிடையாது, சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்றார். ராஜாத்தி அதைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள். குழல் போய்ச் சுவரில் இருந்த லட்சுமி காலண்டரில் இடித்தது.

"எங்க வீட்டு நடையில இதைத் திருப்ப முடியாதுக்கா. திருடன்கிட்ட, கொஞ்சம் தள்ளி நில்லுப்பான்னு சொல்லணும்."

அடுத்து ஒரு குட்டிக் கைத்துப்பாக்கி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எனக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. "இதையே எடுத்துக்கோட்டி, நகைப்பெட்டியில வைக்கலாம்" என்றேன். லாலாஜி அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்து விட்டுக் காட்டினார். அப்படி இழுத்தால்தான் முதல் குண்டு உள்ளே ஏறுமாம். ராஜாத்தி என்ன செய்தாள் தெரியுமா? தன் பின்னலை முன்னால் எடுத்து, எண்ணெய் வழிகிற அந்தச் சடையில் இரண்டு உள்ளங்கையையும் நன்றாகத் தேய்த்தாள். தேய்த்துவிட்டு இழுத்தாள். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி இழுத்தாள், மறுபடி வழுக்கிற்று.

"நான் சமையக்கட்டுல இருக்கிறப்பதான் வருவான். கை எண்ணெயா இருக்கும், இல்ல ஈரமா இருக்கும். இது வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். லாலாஜி துணியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே அவளை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு டீ சொன்னார்.

மூன்றாவது ஒரு ரிவால்வர். அதை வைத்துக்கொள்ள அவள் இடுப்பில் செருகும்படி ஒரு சுருக்குப்பை தைத்து எடுத்து வந்திருந்தாள், கொசுவத்துக்குள் இருந்தால் வெளியே தெரியாது. பையில் போட்டு வெளியே இழுத்தால், ரிவால்வரின் முதுகில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கி சேலையில் மாட்டி ஒரு இழை அப்படியே கூட வந்தது. "போச்சு, சுங்குடி போச்சு" என்று நான் கத்தினேன். திருடன் வந்து நிற்கும்போது சேலையைப் பிரித்துக்கொண்டா நிற்க முடியும்?

கடைசியில் லாலாஜி உள்ளே போய், மெழுகுத்துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் செய்தது, பழசு, குட்டைக் குழல், முப்பத்திரண்டு போர் அளவு, அஞ்சு குண்டு. முதுகில் எதுவும் துருத்தாமல் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. எதையும் இழுக்க வேண்டாம், ஏற்ற வேண்டாம், விசையை அழுத்தினால் போதும். சக்கரம் சுற்றிக் குண்டு வெடிக்கும். விசை மட்டும் கொஞ்சம் கெட்டி. ராஜாத்தி ஒரு விரலால் முக்கி முக்கி அழுத்தினாள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு விசை கெட்டியாக இருப்பதுதான் நல்லது என்றார் லாலாஜி. பையில் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். எங்கேயும் மாட்டவில்லை.

"இதுதான்க்கா. கைக்கு அடக்கமா இருக்கு."

கடைக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கின ஒரு சுவர் இருந்தது. அங்கே அவளைச் சுட்டுப் பார்க்க வைத்தார். முதல் குண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதுக்கு ஒரு கண்ணை மட்டும். மூன்றாவது குண்டு நடு மூட்டையில் இறங்கி மணல் கொட்டிற்று. கிளம்பும்போது ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் கொடுத்து, மாதம் ஒரு தடவை துடைத்துப் போட வேண்டும், தண்ணீர் படக் கூடாது, தீபாவளிக்கு ஒரு தடவை கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அந்த எண்ணெய் முழுக்க ராஜாத்தியின் தையல் மிஷினுக்குப் போயிற்று. மிஷின் அவ்வளவு அருமையாக ஓடி நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வயர் கூடையில் மேலே வெந்தயக்கீரை, கீழே ரிவால்வர். "மாதாஜி, டோக்ரி நீச்சே ரக்கோ" என்று, கூடையைக் கீழே வைக்கச் சொல்லிக் கண்டக்டர் காலால் தள்ளினான். நான் கூடையை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டேன். ராஜாத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலமே ஜன்னல்கள் திறந்தன. சொல்லப் போனால் அது ஒரு நல்ல காலம். விடியற்காலை எழுந்ததிலிருந்து ரிவால்வர் அவள் இடுப்பில் இருக்கும், பூங்கோதை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது பரண் மேல் ஏறிவிடும். மார்க்கெட்டுக்குப் போவாள், மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போவாள், தனியாகப் பஸ் ஏறிக் கரோல்பாக் போய்த் துணி வாங்கி வருவாள். காலனியில் அவளுக்குப் 'பந்தூக்வாலி', அதாவது துப்பாக்கிக்காரி, என்று பெயர் விழுந்துவிட்டது. காய்கறி வண்டிக்காரன் அவளிடம் மட்டும் எடை சரியாகப் போட்டான். "மம்மி, என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் உன்னைப் பார்க்கணும்னு போல்த்தே ஹைன்" என்று பூங்கோதை பெருமையோடு வந்து சொல்லும். கலியமூர்த்தியும் மன்னார்குடிப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். போனால், கூடத்தில் வாழையிலை, பொரி, சுண்டல். வரிசையாகத் தையல் மிஷின், அரிவாள்மணை, சுத்தியல், பூங்கோதையின் சைக்கிள், புஸ்தகங்கள். நடுவில் ஒரு மணைப் பலகையில் அந்த ரிவால்வர்.

"ஏட்டி, குண்டை எடுத்திட்டியா?" என்று கேட்டேன்.

"அதெப்படிக்கா? வெறும் பாத்திரத்தைச் சாமி முன்னாடி வைப்பமா? நெறைஞ்சுதானே இருக்கணும்?"

அவள் சொல்வதும் சரிதான். வீட்டில் வெறும் குடத்தைக்கூட நாங்கள் விளக்கு முன்னால் வைப்பதில்லை. குழல் சுவரைப் பார்த்து இருக்கட்டும் என்று மட்டும் திருப்பி வைத்தேன்.

ராஜாத்தி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். அவள் அம்மா கொடுத்த சந்தனக் கட்டையை அன்று முழுக்க உரைத்து, கிண்ணம் நிறையக் குழம்பாக வைத்திருந்தாள். அவள் கணக்குப்படி சக்கரம் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டாயம் சந்தனம் வைக்க வேண்டும், சக்கரம்தானே வேலை செய்கிறது? மிஷின் சக்கரத்துக்கு வைத்தாள், சைக்கிள் சக்கரத்துக்கு வைத்தாள், ரிவால்வரின் குண்டுச் சக்கரத்துக்கும் சுற்றிலும் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். மறுநாள் விஜயதசமிக்குப் பூஜையிலிருந்து எடுத்து, மேலாகத் துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தீபாவளிக்கு லாலாஜி கடைக்குப் போக ஒழியவில்லை.

மார்கழி வந்தது. டெல்லி மார்கழியில் காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் நம் கை நமக்குத் தெரியாது, அப்படி ஒரு மூடுபனி. என் வீட்டுக்காரருக்கு மார்கழியில் ஒரு விரதம் உண்டு. எழுந்ததிலிருந்து மலை மந்திர் ஏறி முருகனைப் பார்க்கிற வரைக்கும் வாய் திறக்க மாட்டார். வீட்டில் தீப்பிடித்தாலும் கையைக் காலை ஆட்டித்தான் சொல்வார். அந்த மாதம் மட்டும் இரண்டு வீட்டுப் பால் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போவது என் வேலை. மற்ற மாதமெல்லாம் அவர் போவார்.

அன்றைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். நான் எழுந்திருக்கவில்லை என்றதும் அவரே கிளம்பினார். தலையில் குரங்குக் குல்லாய், அதற்கு மேல் மப்ளர், அதற்கு மேல் கம்பளி. பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது. வழக்கமாக ராஜாத்தி காலிப் பாட்டில்களை வாசல்படியில் வைத்திருப்பாள். அன்று வாசலில் இல்லை. முந்தின நாள் கழுவிப் பின்முற்றக் குழாயடியிலேயே மறந்துவிட்டிருக்கிறாள். இந்த மனுஷர் சும்மா வந்திருக்கக் கூடாதா? பின்சந்து வழியாகப் போய், கதவின் கொண்டியைக் கைவிட்டு நீக்கி, முற்றத்துக்குள் போயிருக்கிறார்.

கலியமூர்த்தி பாட்னாவில். ராஜாத்தி சமையலறையில் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். கொண்டி சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பனிக்குள் ஒரு ஆண் உருவம். பையிலிருந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டாள். எங்கேயும் மாட்டவில்லை.

"கௌன்? கௌன் ஹை?"

பதில் இல்லை.

"யாருன்னு கேக்கறேன்ல?"

என் வீட்டுக்காரர் விரதத்தை விடவில்லை. நான்தான் அம்மா, பாலுக்கு வந்தேன் என்று காட்டுவதற்காகக் குழாயடியிலிருந்த பாட்டிலை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்தினார். அவள் கண்ணுக்கு அது ஓங்கின கை.

அவள் விசையை அழுத்தினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் சேர்த்து மறுபடி அழுத்தினாள். ஜன்னல் கம்பிக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவே நாலு முழம்கூட இருக்காது. மூன்றாவது தடவை அவள் அழுத்துவதற்குள் அவருக்கு விஷயம் விளங்கி, வருஷக்கணக்காகக் காத்த விரதம் முறிந்தது.

"ராஜாத்தி, நான்தாம்மா. சிவஞானம். பாட்டில் எடுக்க வந்தேன்."

அவள் கையிலிருந்து அது கீழே விழுந்தது. அவளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, டெப்போவுக்குப் போய், வரிசையில் நின்று இரண்டு வீட்டுக்கும் பால் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் தாலி பலமான தாலிதான்" என்று ஆரம்பித்தார்.

காய்ச்சலோடு ஓடினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, காலனி முழுக்கத் தெரியும். அவள் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். "அக்கா, என்னை அடிங்க" என்றாள். கை ஓங்கிக்கொண்டுதான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கை விழுந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் எனக்காக அழுதாள், நான் அவளுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று இன்னும் தெரியாது.

அழுது முடித்ததும் இடுப்பிலிருந்து அந்தப் பித்தளைச் சாவியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அவர் வந்ததும் டிக்கெட் எடுக்கச் சொல்லிடறேன்க்கா. நான் மன்னார்குடிக்கே போயிடறேன். இங்க இருக்க எனக்கு யோக்கியதை இல்ல."

அந்த வாரம் என் வீட்டுக்காரரும் ராஜாத்தியும் நானுமாக லாலாஜி கடைக்குப் போனோம். அவர் ரிவால்வரைப் பிரித்துப் பார்த்தார். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மஞ்சளாக, சிமெண்ட் பூசின மாதிரி இறுகிக் கிடந்தது. துரு வேறு சேர்ந்து கொண்டிருந்தது.

"யே க்யா ஹை, பெஹன்ஜி?"

"சந்தன்" என்றாள் ராஜாத்தி. "பூஜா கியா."

லாலாஜி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குண்டுகளை எடுத்து வைத்தார். ஒரு காகிதத்தை விரித்து, மெல்லிய ஊசியால் அதையெல்லாம் சுரண்டி எடுத்தார். எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். பிறகு மணல் மூட்டைப் பக்கம் திருப்பி விசையை அழுத்தினார். சக்கரம் பதவிசாகச் சுற்றி, டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

ரிவால்வரை லாலாஜி திரும்ப எடுத்துக்கொண்டார். சுரண்டின சந்தனத்தைக் காகிதத்தோடு மடித்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "பாயீ சாப், யே ஆப்கா ஹை" என்றார், அண்ணே, இது உங்களுடையது என்று. இவர் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பொட்டலம் எங்கள் வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

கலியமூர்த்தி பாட்னாவிலிருந்து வந்ததும் ராஜாத்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் காலடியில் உட்கார்ந்தார். "அண்ணே, மன்னிச்சிடுங்க. இந்த ஞாயித்துக்கிழமையே ரெண்டு பேரையும் ஊருக்கு ரயில் ஏத்திடறேன்" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்கா? உங்களையே சுடப் பார்த்திருக்கா."

"சுடப்பட்டவன் நான். எனக்கில்லாத கோவம் உமக்கு எதுக்குவே? அந்தப் பிள்ளை ஊருக்குப் போக வேண்டாம். துப்பாக்கியும் வேண்டாம். பயந்துதானே வாங்குனா? பக்கத்து வீட்டுல நாங்க இருக்கும்போது அவளை அவ்வளவு பயப்பட விட்டது எங்க தப்புல்லா?" என்றார். கல்யாணமான நாள் முதல் அந்த மனுஷரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு பேச்சுக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன்.

அடுத்த நாளே ஆபீசிலிருந்து பழைய வயரும் இரண்டு மின்சார மணியும் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். சுவரில் துளை போட்டார். அவள் சமையலறையில் பொத்தானை அழுத்தினால் எங்கள் வீட்டில் மணி அடிக்கும், நான் அழுத்தினால் அவள் வீட்டில் அடிக்கும். அன்று அவள் கீழே வைத்தபோது நான் எடுத்து வைத்திருந்த பித்தளைச் சாவியை அவள் கையில் கொடுத்து, "போ, அழுத்திப் பாரு" என்றேன். அவள் அழுத்தினாள். எங்கள் வீட்டில் நின்ற கலியமூர்த்தியும் சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். காற்றில் ஒரு கதவு அடித்தால்கூட அழுத்துவாள், நாங்கள் ஓடுவோம். நாளாக ஆக, பயத்துக்கு அடிப்பது குறைந்தது. டிகாக்‌ஷன் இறங்கிவிட்டது என்று அடிப்பாள். பல்லி விழுந்துவிட்டது என்று அடிப்பாள். சும்மா, பேச ஆள் இல்லை என்று அடிப்பாள். ஜன்னல்கள் திறந்தே இருந்தன. ஆயுத பூஜைக்கு அந்தப் பொத்தானுக்கும் சந்தனம் வைத்தாள், அதுவும் இறுகிப்போய் இரண்டு நாள் மணி அடிக்காமல் கிடந்தது. சொன்னால் திருந்துகிற ஜன்மமா அவள்?

பூங்கோதை வளர்ந்து கல்லூரிக்குப் போனாள். ராஜாத்தி அந்தக் கூடத்திலேயே தையல் வகுப்பு நடத்தினாள். தமிழ்ப் பெண்களும் பஞ்சாபிப் பெண்களுமாக வீடு நிறைந்திருக்கும். அவள் வீட்டு வாசலில் எந்நேரமும் செருப்பு குவிந்து கிடக்கும். திருடன் வருவதற்கு அங்கே இடமே இல்லை.

எண்பத்தொன்பதில், தை மாதம், ஒரு விடியற்காலையில் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எனக்குக் கத்தக்கூட வரவில்லை. சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினேன். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றேன். ராஜாத்தி செருப்புக்கூட இல்லாமல் அந்தக் குளிரில் ஓடி வந்தாள். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றிக்குச் சந்தனம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். ராஜாத்தி எழுந்து போய், முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். துருவும் குங்குமமும் கலந்து கறுத்துப் போயிருந்த அந்தத் துகளை உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்தாள். அவர் நெற்றியில் வைத்துவிட்டு, "அண்ணே, இது உங்களுதுதான்" என்றாள்.